சொல்லைத் தேர்ந்தோம், நூலைத் தேரவில்லை: தமிழில் கணித, அறிவியல் பாடநூல்கள் குறித்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் 1855இல் 'வீசகணிதம்' என்றொரு நூல் அச்சாயிற்று. எழுதியவர் கரோல் விசுவநாதபிள்ளை, வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய செமினறியின் மாணவர். 'பீஜம்' என்ற வடசொல் தமிழ் நாக்குக்கு ஏற்ப 'வீசம்' ஆகியிருந்தது. அதே பாடம் பிறகு அட்சரகணிதம் என்று வழங்கிற்று. இலங்கையில் இன்றும் அதுதான் பெயர். தமிழ்நாட்டில் இயற்கணிதம். க்ஷேத்திரகணிதம் வடிவகணிதமாகி, அப்புறம் வடிவியலாகிவிட்டது. பௌதிகம் இயற்பியலாயிற்று, ரசாயனம் வேதியியலாயிற்று. ஒவ்வொரு பெயர்மாற்றத்துக்கும் பின்னால் ஒரு கூட்டம், ஒரு கமிட்டி, நாலைந்து கண்டனக் கட்டுரைகள் உண்டு. இந்த வரலாறு நமக்கு ஓரளவு தெரிந்ததுதான். தமிழ்த்துறைகளில் 'கலைச்சொல்லாக்கம்' என்ற தலைப்பில் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன.

தெரியாத வரலாறு ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே இருந்த புத்தகத்தை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? நடுநிலைப் பள்ளியைத் தாண்டி வந்த ஒரு பிள்ளையின் கையில் "இந்தா, இதுதான் உன் கணக்குப் புத்தகம்" என்று கொடுத்தபோது அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் என்று யாராவது யோசித்தார்களா? தமிழ் எம்.ஏ. படித்தவன் இப்படிக் கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் அடைத்துக்கொண்டு நின்றவர்களில் தமிழ் படித்தவர்கள் முக்கியமானவர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

1

வட்டுக்கோட்டை செமினறி 1823இல் தொடங்கியது. அங்கே கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடந்தன. மிஷனரிகளுக்கு வானசாஸ்திரத்தில் இருந்த அக்கறை வெறும் அறிவு அக்கறை இல்லை. பூமியைப் பற்றியும் கிரகணத்தைப் பற்றியும் புராணம் சொல்வது தப்பு என்று மாணவனே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டால், பாதி மதமாற்றம் முடிந்த மாதிரி. 1829 மார்ச் 20 சந்திரகிரகணக் கதை பிரசித்தம். பஞ்சாங்கம் கணித்த வட்டுக்கோட்டை விசுவநாத சாஸ்திரியின் கணிப்புக்கும் தம்முடைய கணிப்புக்கும் வித்தியாசம் இருப்பதைச் செமினறித் தலைவர் தானியல் பூர் முன்கூட்டியே ஊரறியச் சொல்லி, அன்று இரவு எல்லோரையும் வானத்தைப் பார்க்க வைத்தார். கிரகணம் தொடங்கிய நேரமும் நீடித்த நேரமும் மறைப்பின் அளவும் பூர் சொன்னபடியே இருந்தன. சாஸ்திரி தோற்றார்.

ஆனால் தோற்றது எது? நான்கு வருஷம் முன்னால், 1825இல், ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையில் 'கால சங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைத் தொகுத்த நூல் அது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தன் எதிரில் உட்கார்ந்து, தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்ததை அதில் வாரன் பதிவு செய்திருக்கிறார். தாளில் ஓர் எண் எழுதவில்லை. தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும்தான் பிசகு. தான் செய்யும் கணக்கின் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முறை கையில் இருந்தது, சோழி இருந்தது, பஞ்சாங்கம் விற்றது.

இந்தச் சோழிக்காரரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரை ஒழித்துக்கட்டத்தான் பாடநூல் வந்தது. 'ஏன்' என்று கேட்கச் சொல்லித் தரும் கருவியாக அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. பின்னால் என்ன ஆச்சு என்பதைப் பார்ப்போம்.

செமினறி 1855இல் மூடப்பட்டது. இங்கிலீஷில் விஞ்ஞானம் படித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்பது மிஷனின் மனக்குறை. இந்த இடத்தில்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வருகிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தவர். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிறீனைத் தமிழறிஞர்கள் கொண்டாடுவது சொல்லாக்கத்துக்காக. தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கில ஒலியையே தமிழில் எழுது என்பது அவர் வழி. பிற்காலக் கலைச்சொல் கமிட்டிகள் எல்லாம் இந்த மூன்று படிகளில் ஏறி இறங்கியவைதாம்.

அவர் மொழிபெயர்க்க எடுத்த நூல்களின் பட்டியலை இன்னொரு கண்ணால் பார்க்கலாம். முதலில் எடுத்தவற்றுள் ஒன்று கட்டர் என்பவரின் உடற்கூறு, உடலியங்கியல், சுகாதார நூல். அமெரிக்காவில் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று எழுதப்பட்டது. வேதியியலுக்கு எடுத்தது வெல்ஸ் என்பவரின் நூல், அதுவும் அங்கே உயர்பள்ளிகளில் புழங்கியதுதான். 1875இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் வந்தது. நூலின் தலைப்பே ஒலிபெயர்ப்பு! இத்தனை சொல் தேடியவர் அந்த சாஸ்திரத்தின் பெயரை மட்டும் தேடாமல் விட்டதைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அது அவருடைய தெளிவாகப் படுகிறது. எதிரே எந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான், நாளைக்கு அவன் எந்த ஊரில் எந்த நோயாளியைத் தொடப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். நூலைத் தேர்ந்தபின் சொல்லைத் தேடினார். இந்த வரிசை பின்னால் தலைகீழாயிற்று.

2

சென்னை மாகாணத்தில் கதை வேறு மாதிரி. உயர்நிலைப் பள்ளி என்றாலே இங்கிலீஷ்தான் என்ற நிலை 1930களின் இறுதிவரை பெரிதாக அசையவில்லை. எனவே தமிழில் விஞ்ஞானம் என்பது வகுப்பறைக்கு வெளியே, மாணவனே இல்லாத இடத்தில், ஒரு கொள்கையாக வளர்ந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழில் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கொரு பத்திரிகையும் வந்தது, ஆங்கிலத்தில். சிரிக்க வேண்டாம். அன்றைக்குத் தமிழில் அறிவியல் வேண்டும் என்று பேசியவர்கள் யாரிடம் பேசினார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடைக்காது. ஏற்கெனவே இங்கிலீஷில் விஞ்ஞானம் படித்துவிட்டவர்கள், இனிமேல் தமிழில் படிக்கப் போகிறவர்களுக்காகச் சொற்களைத் தீர்மானித்தார்கள். படிக்கப் போகிறவன் அறையில் இல்லை.

ராஜாஜியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய அரசியலில் ஏற்க முடியாதது நிறைய உண்டு. 1953இன் கல்வித் திட்டம் ஒன்றே போதும். ஆனாலும் 'திண்ணை ரசாயனம்', 'தாவரங்களின் இல்லறம்' போன்றவற்றை எழுதியபோது அவர் சொல்லில் நிற்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு என்ன புரியும் என்று யோசித்திருக்கிறார். பெ.நா. அப்புஸ்வாமியும் அப்படித்தான். இவர்கள் எழுதியவை பாடநூல்களாக நிலைக்கவில்லை. பாடநூல் ஆவதற்கு வேறு தகுதி வேண்டியிருந்தது.

1934இல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சொல்லாக்க மாநாடு நடந்தது, தலைமை விபுலானந்த அடிகள். 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வந்தது. சுமார் பத்தாயிரம் சொற்கள், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிர்நூல் எல்லாம் சேர்த்து. ஊதியமில்லாத உழைப்பு, மதிக்கத்தான் வேண்டும். அதன்பின் 1940இல் சர்க்கார் சீனிவாச சாஸ்திரி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக, வடமொழியை அடியாகக் கொண்ட சொற்கள் என்ற திசையில் அது போகிறது என்று தெரிந்ததும் தமிழ்நாடு கொதித்தது. கண்டனக் கூட்டங்கள் நடந்தன. கமிட்டியில் தமிழறிஞர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தச் சண்டையை அர்த்தமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து முடிந்த சூடு ஆறாத நேரம். எந்த மொழியிலிருந்து சொல் வருகிறது என்பது யாருடைய வீட்டிலிருந்து அறிவு வருகிறது என்ற கேள்வியாகவும் இருந்தது. 'பிராணவாயு' என்று எழுதப்பட்ட புத்தகத்தில், வேதம் ஓதும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நெருக்கமும் மற்றவனுக்கு ஒரு தூரமும் இருந்தது நிஜம். சொல்லாடலில் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றைய தனித்தமிழ்க்காரர்கள் நம்மைப் போல் ஃபூக்கோ படித்துவிட்டுக் கண்டுபிடிக்கவில்லை, உடம்பில் பட்டுக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அதிகாரம் சொல்லில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. எந்தப் பாடம் முதலில், எந்தப் பாடம் பின்னால்? எத்தனை கணக்கு, எப்படிப்பட்ட கணக்கு? சோதனையை மாணவன் செய்வதா, ஆசிரியர் செய்ய மாணவன் பார்ப்பதா, இருவருமே செய்யாமல் படத்தைப் பார்ப்பதா? பாடநூல் கமிட்டி அங்கீகரித்த பட்டியலிலிருந்து பள்ளிகள் தனியார் பதிப்பாளர்களின் நூல்களை எடுத்துக்கொண்ட காலம் அது. இந்தக் கேள்விகளுக்கு ஒரு மாநாடு நடந்ததாக நான் அறியவில்லை. பிராணவாயுவா, உயிர்வளியா என்று எழுந்த குரல்களில் கால் பங்குகூட, அந்த வாயுவை உண்டாக்கிக் காட்டும் குடுவை பள்ளியில் இருக்கிறதா என்று எழவில்லை. பிராணவாயு உயிர்வளியாகி, கடைசியில் ஆக்சிஜனாகவே திரும்பி வந்தும்விட்டது. குடுவை வந்ததா? மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு சேர்ந்தது சமச்சீர்க் கல்வியோடுதான், அதாவது 2011க்குப் பிறகு.

3

சொல் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. முக்கியமாகிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அங்கே பௌதிகம் படித்த பிள்ளைக்கு, பொருளில் அடங்கியிருக்கும் அளவு 'திணிவு', அதைப் புவி இழுக்கும் விசை 'நிறை'. இங்கே முதலாவதுதான் 'நிறை', இரண்டாவது 'எடை'. ஆர்முடுகல் இங்கே முடுக்கம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆவதைச் சமாளித்துவிடலாம். தெரியாத சொல் வந்தால் பிள்ளை கேட்கும். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்காது, கணக்கு தப்பாகப் போகும். நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கு என்று கரும்பலகையில் எழுதியிருக்கும்போது, நிறை என்றாலே ஏற்கெனவே பெருக்கி வந்தது என்று கற்ற பிள்ளை என்ன செய்யும்? பாக் நீரிணையின் இரு கரையிலும் இருந்த தமிழறிஞர்கள் தத்தம் சொல்லைச் செம்மையாக்கினார்கள். இரண்டு கரைக்கும் ஒரு புத்தகம் வேண்டும் என்பது அவர்களுடைய வேலைத்திட்டத்தில் இல்லை.

சரியான சொல்லும் சரியான இலக்கணமும் இருந்தும் புத்தகம் முட்டாள்தனமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் அந்நிய உதாரணம். 1964இல் கலிபோர்னியா மாநிலப் பள்ளிகளுக்குக் கணக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் இருந்தார். ஸ்புட்னிக்குக்குப் பின் அமெரிக்கா பதறிப்போய் 'புதிய கணிதம்' என்று ஆடிக்கொண்டிருந்த காலம். தன் நினைவுக் குறிப்புகளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு புத்தகத்தில் நட்சத்திரங்களின் வெப்பநிலைகள் கொடுக்கப்பட்டிருந்தன, தகவல் பரவாயில்லை. அதன்மேல் கணக்கு இது: அப்பாவும் பிள்ளையும் இன்னின்ன நிறத்தில் இத்தனை நட்சத்திரம் பார்த்தார்கள், அவற்றின் மொத்த வெப்பநிலை என்ன? வெப்பநிலைகளைக் கூட்டினால் வருவதற்கு உலகத்தில் எந்த அர்த்தமும் கிடையாது. கூட்டல் மட்டும் சரியாக வரும். இன்னொரு கூத்து, குழுவுக்கு வந்த ஒரு புத்தகத்துக்கு அட்டை மட்டும்தான், உள்ளே வெற்றுத்தாள். பதிப்பாளரால் நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. அதற்கும் சில உறுப்பினர்கள் மதிப்பெண் போட்டிருந்தார்கள், அதே தொகுதியின் மற்ற இரண்டு நூல்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வெள்ளைக்காரன் அட்டையைப் பார்த்தான், நாம் சொல்லைப் பார்த்தோம். உள்ளே இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் அங்கே ஒருவராவது இருந்தார்.

நம் நாட்டிலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இப்போது நர்மதாபுரம், 1972இல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு சோதனையைத் தொடங்கின. டாட்டா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கூடச் சேர்ந்தார்கள். பாடநூலுக்குப் பதில் ஒரு பயிற்சிப் புத்தகம், 'பால் வைஞானிக்', கூடவே ஒரு சாமான் பெட்டி. இதைச் செய்து பார், என்ன கண்டாய் எழுது என்று சொல்லும் புத்தகம், விடையைச் சொல்லாது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவிற்று, 1982க்குப் பின் ஏகலவ்யா அமைப்பு நடத்திற்று. 2002இல் மாநில அரசு மூடியது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரைதான், உயர்நிலைப் பள்ளிக்குள் அது போகவில்லை. முப்பது வருஷம் ஓடியது என்பதே பெரிய விஷயம். பரீட்சையை மாற்றாமல் புத்தகத்தை மாற்ற முடியாது என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. திறந்த புத்தகத் தேர்வில் நோட்ஸ் விற்பவனுக்கு வேலை இல்லை.

4

தமிழ்நாட்டில் நோட்ஸ் விற்பவனுக்குத்தான் வேலை இருந்தது.

1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. மலிவு விலைப் புத்தகம் கடைக்கோடி ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில் அதன் பங்கு பெரிது, அதை மறுப்பவன் மடையன். ஆனால் அரசுப் பள்ளியில் 'எந்தப் புத்தகம்' என்ற கேள்வி அதோடு முடிந்துபோயிற்று. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. புத்தகம் ஒன்றே என்றானபின் தேர்வு செய்ய மிச்சமிருந்தது கைடு. எந்தக் கைடில் கணக்கு வரிக்கு வரி போட்டிருக்கிறது, எந்தக் கைடில் படம் வரைய எளிசு, எதில் ஒரு மதிப்பெண் வினா அதிகம் என்று பெற்றோரும் மாணவரும் கடைவீதியில் செய்த ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கை நம் கல்வியாளர்கள் பாடநூலுக்குச் செய்திருக்கலாம்.

நானும் பள்ளியில் கணக்கு குரூப் எடுத்தவன்தான், தமிழுக்கு வந்தது பிறகு. அன்றைய பிளஸ் டூ கணிதத் தாள் இருநூறு மதிப்பெண்ணுக்கு: ஒரு மதிப்பெண் வினா 40, ஆறு மதிப்பெண் 10, பத்து மதிப்பெண் 10. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை என்பது 'புளூபிரிண்ட்' என்ற அட்டவணையில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்கள் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்தும், பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வினா வங்கியிலிருந்தும் வரும். எங்கள் கணக்கு வாத்தியார் கெட்டவர் இல்லை. ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே புளூபிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் பென்சிலால் குறிக்கச் சொன்னார். "இது வரும். இது வராது. இந்த சேப்டர்ல தேற்றம் மட்டும் மக்கப் பண்ணிக்க." நிகழ்தகவை நாங்கள் விட்டுவிட்டோம், வெக்டரை எடுத்துக்கொண்டோம். சைன் ஏ பிளஸ் பி சூத்திரத்தை வெக்டர் முறையில் நிறுவுவது எனக்கு இன்றும் தலைகீழாக வரும். அதில் ஏன் அந்த அலகு வட்டம், அந்த இரண்டு புள்ளிகள் ஏன் அங்கே என்று அன்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சென்டம் வாங்கியவர்களுக்கும் இருக்கவில்லை.

புதுச்சேரிச் சோழிக்காரர் ஞாபகம் வருகிறதா? முறை கையில் இருந்தது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும், அவருக்கு நியாயம் செய்வதற்காக. அவருடைய விடையை வானம் சரிபார்த்தது. 52 நிமிடம் பிசகினால் ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் விடையைச் சரிபார்த்தது விடைத்தாள் திருத்தும் மையத்துக்குக் கொடுக்கப்பட்ட விடைக்குறிப்பு.

இக்காலத்தில் தமிழில் வேறு புத்தகங்களே இல்லையா? இருந்தன. மாஸ்கோவில் மீர் பதிப்பகம் தமிழில் போட்ட நூல்கள் மலிவாகக் கிடைத்தன. பெரெல்மானின் பொழுதுபோக்கு பௌதிகம் பல ஊர்களில் பையன்களைக் கெடுத்திருக்கிறது, நல்ல அர்த்தத்தில். 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது, 1987 முதல் 'துளிர்' வந்தது. ஆனால் இவை எல்லாம் 'பாடத்துக்கு வெளியே' என்ற அலமாரியில் இருந்தன. மீர் புத்தகத்தைப் படித்தவன் மார்க் குறைவாக வாங்கினால் அப்பா புத்தகத்தைத்தான் திட்டினார். சோவியத் யூனியனும் 1991இல் போய்ச் சேர்ந்தது.

5

2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம். 2011இல் ஆட்சி மாறியதும் அச்சடித்த புத்தகங்களை நிறுத்திவைத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தபின் புத்தகம் பிள்ளைகளிடம் போனது. போகும்போது முந்தைய முதல்வர் சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. கணிதப் புத்தகத்தின் தரம், அறிவியல் புத்தகத்தின் தரம் என்று இரு தரப்பும் நீதிமன்றத்தில் பேசினார்கள். கடைசியில் கையால் திருத்தப்பட்டது என்னவோ சொற்கள்தாம். இந்தியாவிலேயே மிக அகலமான ஒரு சமத்துவ முயற்சி, ஏழையும் பணக்காரனும் ஒரே புத்தகம் படிப்பது, இப்படி பசையும் காகிதமுமாகத் தொடங்கியது.

2017இல் நீட் வந்தது. பாடநூல் தேர்வு என்பது அதன்பின் முழுக்க வேறு இடத்துக்குப் போயிற்று. 2018இலும் 2019இலும் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள், என் மதிப்பீட்டில், இதற்கு முன் தமிழில் வந்த பாடநூல்களைவிடப் பல படி மேல். படங்கள் உருப்படியாக இருக்கின்றன, கணக்குகள் யோசிக்க வைக்கின்றன, புளூபிரிண்டையும் கைவிட்டார்கள். ஆனால் அவசரமாக, மத்தியப் பாடத்திட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில், கனத்துப்போய் வந்தன. பதினோராம் வகுப்பைச் சொல்லித்தராமல் தாண்டுகிற பள்ளிகளைக் கட்டுப்படுத்த 2017-18 முதல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. இப்படி வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறது. தமிழ்வழி படித்து மருத்துவக் கல்லூரிக்குள் போகிறவர்கள் நீட்டுக்குப் பின் பெருமளவு குறைந்ததை 2021இல் ஏ.கே. ராஜன் குழு காட்டியது.

2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு தப்பு என்று வழக்கு வந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லிற்று. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. எண்பது வருஷமாகச் சொல்லுக்காகச் சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்லால் தோற்றார்கள். அந்த ஒருநாளில் தமிழ்ச் சொல்லைத் தெரிந்த ஒரு ஆள் டெல்லியில் தேவைப்பட்டார், இருக்கவில்லை. நம்முடைய பத்தாயிரம் சொற்களும் இங்கேதான் இருந்தன.

சென்ற வருஷம் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேர இருந்த ஒரு உறவுக்காரப் பெண், அரசுப் பள்ளி, தமிழ்வழி. விடுமுறையில் இயற்பியல் புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று கேட்டேன். பாடத்தைத் திறக்கவில்லை. புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் என்று இரண்டு பத்தியில் அச்சிட்டிருப்பார்கள், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். தமிழ்ப் பத்தியை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஆங்கிலப் பத்தியை மட்டும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலேஜ்ல இதுதான் மாமா கேப்பாங்க."